ரோலர் முனையில் நிற்கிறவர்கள்

வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்காது. பால் பூத்தில் எனக்கு முன்னால் நிற்பவர் சில்லறை தேடினால் போதும், என் காது சிவந்துவிடும். மருந்துக் கடையில், வங்கியில், கோயிலில், எங்கே போனாலும் எந்த வரிசை வேகமாக நகர்கிறது என்று பார்த்து அதில் நுழைவேன். நுழைந்ததும் அது நின்றுவிடும். இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இருந்தது. அதுவும் எங்கள் மைசூரிலேயே, யாதவகிரியில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது.

அந்த மாடியில் நாங்கள் நான்கு பேர், மூன்று பெண்கள், ஓர் ஆண். விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனைக்காக மக்கள் நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுக் குறைப்பது எங்கள் தொழில். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊர் விமான நிலையத்தில் வரிசை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. வந்து போகிற விமானமே கொஞ்சம். மழை பெய்யாத ஊரில் குடை ரிப்பேர் கடை வைத்த மாதிரி என்று என் கணவர் சொல்லுவார். அவர் கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறவர். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

எங்கள் வேலையில் மாயமந்திரம் எதுவும் இல்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, கடைசியில் என்ன வேண்டும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கொடுத்தால், கணினி இருக்கிற வழிகளையெல்லாம் அலசி, அவற்றில் நல்லதைப் பொறுக்கித் தரும். எத்தனை எக்ஸ்ரே இயந்திரங்களை எந்த நேரத்தில் திறப்பது, எந்தக் காவலரை எங்கே நிறுத்துவது, காலி ட்ரேக்களை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது, இவையெல்லாம் மாற்றலாம். ஆனால் ஓர் ஆளையும் ஒரு பையையும் சோதிக்காமல் விடக் கூடாது. அதில் கை வைக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை, ஆசையும் இல்லை. அதற்குள் நின்றுகொண்டு, மக்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

வீட்டிலும் நான் சும்மா இருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு இரண்டு கல் போட்டு, யாருக்கு எந்தக் கல்லிலிருந்து எப்போது என்று முறை வைத்தேன். ஒரு வாரம் நடந்தது. அடுத்த வாரம் அம்மா தட்டோடு வந்து நின்று, "தோசையைத் திங்க விடறியா, இல்ல டோக்கன் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள். அதோடு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் மேலாளர் வந்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல மனிதர், கெட்ட செய்தியையும் காபி குடித்து முடித்த பிறகுதான் சொல்லுவார். கடற்கரை ஊர் ஒன்றின் பெரிய விமான நிலையம் எங்கள் திட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்த ட்ரையல் நல்லா வந்தா காண்ட்ராக்ட் தொடரும் மேடம், இந்த மாடியும் தொடரும். இல்லேன்னா நீங்க நாலு பேரும் பெங்களூருக்கு வந்துடணும். இங்க தனியா ஒரு ஆபீஸ் எதுக்குன்னு மேல இருக்கறவங்க கேட்டுட்டே இருக்காங்க."

பெங்களூருக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காரணம் இருக்கிறது. அப்பா ரயில்வேயில் இருந்தவர். அரசிக்கெரே, ஹூப்ளி, குண்டக்கல் என்று ஊர் ஊராக மாற்றல். ஒவ்வோர் ஊரிலும் எனக்கு ஒரு சினேகிதி கிடைப்பாள். அந்தச் சினேகிதம் ரயில் ஜன்னலில் கையாட்டுவதோடு முடிந்துபோகும். கடைசியாக மைசூருக்கு வந்து அப்பா ஓய்வு பெற்ற மறுநாள், சாமான் கட்டுகிற மரப்பெட்டிகளை அம்மா உடைத்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். இனி நகர்வதில்லை என்று அதற்கு அர்த்தம். அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். கணவருக்கு இங்கேதான் கல்லூரி. அலுவலகம் போனால், நான் மட்டும் திங்கட்கிழமை விடியலில் ரயில் ஏறி வெள்ளிக்கிழமை திரும்புகிற பிழைப்புதான். மறுபடியும் ஜன்னல், மறுபடியும் கையாட்டல். எனக்கு அது வேண்டாம். இந்த ஊரை விட்டு நகர மாட்டேன் என்று குழந்தை மாதிரி மனதுக்குள் அடம் பிடித்தேன்.

முதல் சோதனை ஓட்டத்துக்கு நானும் மேலாளரும் போயிருந்தோம். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலை நெரிசல் நேரம். எங்கள் கணக்குப்படி இயந்திரங்களைத் திறந்து காவலர்களை நிறுத்தியதும், பாம்பு மாதிரி வளைந்து நின்ற வரிசை கரைய ஆரம்பித்தது. மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த மாதம் மாடிக்குப் புது ஜன்னல் திரை வாங்குவது பற்றி நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து பைகள் வெளியே வந்து உருளும் பகுதியை ரோலர் என்போம். அதன் முனையில்தான் பயணிகள் தங்கள் ட்ரேயை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த முனையில் கூட்டமாக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். போகவில்லை. அவர்களைத் தாண்டி மற்றவர்களால் ட்ரேயை எடுக்க முடியவில்லை. ட்ரேக்கள் ஒன்றையொன்று முட்டின, இயந்திரத்தின் பெல்ட் நின்றது, பெல்ட் நின்றதால் முன்னால் கரைந்த வரிசை மறுபடி வளர்ந்தது.

"என்ன மேடம் இது? முன்னாடி க்யூ, பின்னாடி சந்தை!" என்றார் மேலாளர்.

மைசூருக்குத் திரும்பி, அந்த வீடியோவை மாடியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். கூரையிலிருந்து எடுத்தது, தலைகளும் தோள்களும்தான் தெரியும். ஏன் நிற்கிறார்கள்? எங்கள் அணியில் இளையவள் ஒரு கன்னடப் பெண், இரக்கம் ஜாஸ்தி. "பாவ மேடம், நின்னுக்கிட்டே ஷூ போடறாங்க, பெல்ட் மாட்டறாங்க. ஒரு பெஞ்ச் போட்டா நகர்ந்துடுவாங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. விமான நிலையத்துக்காரர்களைக் கெஞ்சி ரோலருக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சுகள் போட வைத்தோம்.

பெஞ்சு போட்டால் மனிதர்கள் உட்காருவார்கள் என்பது எங்கள் சமன்பாட்டில் இல்லை. உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு குடும்பத் தலைவர் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டதை நாங்கள் நால்வரும் வாய் பிளந்து பார்த்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பெஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை, அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு, முயன்று பார்க்கலாம் என்று அங்கிருந்து செய்தி வந்தது. அதற்குப் பிறகு பெங்களூர்தான்.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெட்டி கிட்டி கட்டணுமா? எங்கிட்ட ஒரு பெட்டியும் இல்ல, அடுப்புல போட்டாச்சு" என்றாள். அவளுக்கும் பயம், எனக்கும் பயம்.

அந்த நிலையில்தான் வரமஹாலக்ஷ்மி பண்டிகை வந்தது. முந்தின நாள் மாலை தேவராஜ மார்க்கெட்டுக்குள் கால் வைக்க முடியாது. ஆனாலும் போயாக வேண்டும். வேலையைப் பிரித்துக்கொண்டால் பாதி நேரத்தில் முடியும் என்பது என் கொள்கை. "நான் காயும் தேங்காயும் பாத்துக்கறேன். நீங்க பூவும் வாழைக்கன்னும் வாங்கிட்டு வாங்க. முடிச்சதும் போயிட்டே இருக்கணும், வேடிக்கை பாக்கக் கூடாது" என்று கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே புகுந்தேன். பேரம் பேசி, முட்டி மோதி, என் பங்கை முடித்துக்கொண்டு பூக்கடைச் சந்துப் பக்கம் வந்தால், சந்து அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் கூடை சுமந்த ஓர் ஆள், "தாரி பிடி ஸ்வாமி, தாரி பிடி!" என்று கத்திக்கொண்டிருந்தார். வழி விடச் சொல்லி இன்னும் நான்கைந்து பேர் கத்தினார்கள். யார் இப்படி நடுவழியில் நிற்பது என்று எட்டிப் பார்த்தேன். தோளுக்கு ஒன்றாக இரண்டு வாழைக்கன்றுகளைச் சாத்திக்கொண்டு, கல்யாண வீட்டு வாசல் மாதிரி நின்றுகொண்டிருந்தார் என் கணவர்.

"வேற இடமே கெடைக்கலையா உங்களுக்கு? ஊரே உங்க பின்னாடி நிக்குது!"

"நீ இந்தப் பக்கமாத்தானே வரணும்? ஓரமா நின்னா உன் கண்ணுல பட மாட்டேன்" என்றார் சாவதானமாக. "நீ என்னைத் தேடி உள்ள போவே, நான் உன்னைத் தேடி வெளிய வருவேன். அப்புறம் பொழுதன்னைக்கும் அதே கதை. ஸ்வல்ப நின்னா என்ன?"

"எவ்ளோ நேரமா நிக்கறீங்க?"

"பூ வாங்கி அப்பவே ஆச்சு. உன்னை விட்டுட்டு எங்க போறது?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். கையில் தேங்காய்ப் பை, மண்டைக்குள் அந்த வீடியோ. கூடைக்காரர் இப்போது என்னைப் பார்த்து, "நீவூ நிந்த்பிட்ரா அம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீங்களும் நின்றுவிட்டீர்களா என்று அவர் கேட்டது நியாயம். ஆனால் என் காதில் ஏறவில்லை. கணவரை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி, வீட்டுக்குப் போகாமல் நேரே யாதவகிரி மாடிக்குப் போனேன். வாழைக்கன்றுகளும் வந்தன.

வீடியோவைப் போட்டேன். இதுவரை அவர்களுடைய கைகளையும் காலையும்தான் பார்த்திருந்தோம். இப்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்று பார்த்தேன். ஷூ போட்டாகிவிட்டது, பெல்ட் மாட்டியாகிவிட்டது. பல பேர் தோளில் இரண்டு பைகள், ஒன்று பெண்களுடையது. எல்லாத் தலைகளும் ஒரே திசையில், பெண்களைச் சோதிக்கிற திரை போட்ட அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. மனைவிக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவுக்காக, அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறவள் தன்னைத் தேடி மிரளக் கூடாது என்று, அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றார்கள். அந்த இடம்தான் ரோலரின் முனை.

"பாத்தியா, என் கட்சிக்காரங்க" என்றார் கணவர், வாழைக்கன்றை மேஜைமேல் சாய்த்தபடி.

தப்பு எங்கள் கணக்கில்தான். ஆண் பயணிகள் அதிகம், பெண்கள் குறைவு. அதனால் கணினி, இரண்டிரண்டு எக்ஸ்ரே வரிசைகளுக்குப் பொதுவாக ஒரே ஒரு பெண்கள் அறை போதும் என்று தீர்மானித்திருந்தது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று சராசரி பார்த்தால் அது சரிதான். ஆனால் நம் ஆட்கள் சராசரியாகவா ஊருக்குப் போகிறார்கள்? குடும்பமாகப் போகிறார்கள். கணவன் சீக்கிரம் வெளியே வந்தால் அவன் வந்ததாகக் கணக்கில்லை. கடைசி ஆள் வரும் வரைக்கும் யாருமே வரவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டமும் வேண்டியிருக்கவில்லை. என் வீட்டிலேயே ஒருவர் வருஷக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்தார், நான் அதற்காகத் தினமும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பண்டிகை முடிந்ததும் சமன்பாடுகளைத் திருப்பி எழுதினோம். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை விட்டுவிட்டு, ஒன்றாக வந்தவர்களில் கடைசி ஆள் எப்போது வெளியே வருகிறார் என்பதைக் குறைக்கச் சொன்னோம். கணினி உடனே, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெண்கள் அறை என்று வழிக்கு வந்தது. ஆண்கள் பக்கம் நேரம் கொஞ்சம் கூடியது, பரவாயில்லை. இன்னொன்றும் சேர்த்தோம். ரோலரைத் தாண்டி, தரையில் ஒரு மஞ்சள் வட்டம். காத்திருக்கிறவர்கள் அங்கே நிற்கலாம். ஒரே நிபந்தனை, திரையிலிருந்து வெளியே வருகிறவர் பார்த்தால் அந்த வட்டம் நேராகக் கண்ணில் பட வேண்டும்.

மேலாளருக்கு நம்பிக்கை வரவில்லை. "கண்ணுல படறதை எப்படி மேடம் சமன்பாட்டுல எழுதுவீங்க?" என்றார்.

"திரைக்கும் வட்டத்துக்கும் ஒரு நேர்க்கோடு சார். நடுவுல தூணோ இயந்திரமோ குறுக்க வரக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் இரண்டாவது காபி கேட்டார். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

கடைசிச் சோதனை நடந்த அதே வார இறுதியில், அதே ஊரில், என் கணவரின் அத்தை மகனுக்குக் கல்யாணம். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, பஞ்சாங்கம் செய்தது. அதனால் மேலாளர் விமான நிலைய அதிகாரியோடு கட்டுப்பாட்டு அறையில் உட்காருவது, நான் ஞாயிறு மத்தியானம் கல்யாணச் சாப்பாடு முடிந்து ஒரு சாதாரணப் பயணியாக வரிசையில் வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கியதில் நேரம் போய்விட்டது. கணவருக்கு உடை மாற்ற அவகாசம் இல்லை. பட்டு வேட்டி, அதன்மேல் பெரிய பக்கிள் வைத்த அகலமான பெல்ட், அந்த பெல்ட்டின் பையில் சாவிக் கொத்து. அப்படியே வந்துவிட்டார்.

எங்கள் வரிசை நகர்ந்தது. நான் எரிச்சல்படுவதற்குள்ளேயே திரைக்குள் போய், கை விரித்துச் சோதனை முடிந்து, வெளியே வந்துவிட்டேன். ரோலர் முனையைப் பார்த்தேன். ஓர் ஆள் நிற்கவில்லை. ட்ரேக்கள் சமர்த்தாக வந்துகொண்டிருந்தன. தள்ளி மஞ்சள் வட்டத்தில் ஆண்கள் கைப்பைகளோடு நின்றார்கள். ஒரு பெண் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், அவள் ஆள் கையைத் தூக்கினார், இருவரும் நடந்து போனார்கள். மாடி பிழைத்தது, அம்மா பிழைத்தாள், நானும் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

என் பையை எடுத்துக்கொண்டு மஞ்சள் வட்டத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். கணவரைக் காணவில்லை. நான் நின்ற இடத்துக்கும் ஆண்களைச் சோதிக்கிற பக்கத்துக்கும் நடுவில் பெரிய தூண். இரண்டு அடி நகர்ந்தேன், தூண். எம்பிப் பார்த்தேன், தூண். வேறு வழியில்லாமல் திரும்பி வந்து ரோலர் முனையில் நின்றேன். அங்கிருந்து தெரிந்தது. மெட்டல் டிடெக்டர் வாசல் அவரைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. காவலர் பெல்ட்டைக் கழற்றச் சொல்ல, இவர் வேட்டியைக் காட்டி ஏதோ சரித்திரக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கழற்றினார். ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையையும் விரியுங்கள் என்றார் காவலர். வாதம் முதலிலிருந்து ஆரம்பமாயிற்று.

என் பின்னால் ட்ரேக்கள் முட்டும் சத்தம் கேட்டது. யாரோ, "கொஞ்சம் நகருங்க மேடம்" என்றார். நான் நகரவில்லை. அந்த மனிதர் வெளியே வந்து என்னைக் காணாமல் முழிப்பார். எனக்கு அது தாங்காது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வரிசையை நான் மறித்துக்கொண்டு நின்றேன். காது சிவக்கவில்லை.

அப்போதுதான் எடுத்துக்கொண்ட கைபேசி அடித்தது. மேலாளர்.

"மேடம், எல்லாம் பிரமாதமா போயிட்டிருந்தது. இப்ப மாம்பழக் கலர் புடவையில ஒருத்தங்க ரோலர் முனையில நின்னுட்டு நகரவே மாட்டேங்கறாங்க. எனக்கு ஒரு சந்தேகம். அது நீங்களா?"

நிமிர்ந்து கூரையிலிருந்த கேமராவைப் பார்த்தேன். "ஆமா சார்."

"மஞ்சள் வட்டம் போட்டது நீங்கதானே மேடம்? அங்க போய் நில்லுங்களேன்."

"அங்க நின்னா அவர் கண்ணுல பட மாட்டேன் சார். நடுவுல தூண்."

அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் சிரிப்பது கேட்டது. ஆண்தான் பெண்ணுக்காகக் காத்திருப்பான் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். பெண்கள் வரிசையை நாங்களே வேகமாக்கினால், காத்திருப்பது பெண்களின் முறையாகும் என்பது அந்த மாடியில் மூன்று பெண்கள் இருந்தும் எவளுக்கும் தோன்றவில்லை. மேலாளர் திரும்ப வந்தார், குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"மேடம், இங்க ஆபீசர் சொல்றார், ஆம்பளைங்க பக்கத்துக்கும் ஒரு வட்டம் வேணுமாம். அந்தத் தூணையும் சேர்த்துப் புதுசா கணக்கு போடணுமாம், இந்த வருஷம் பூரா நீங்கதான் பாத்துக்கணுமாம். நீங்க மைசூர்லயே இருங்க. ஆனா இப்ப தயவுசெஞ்சு நகருங்க."

"இதோ சார். வந்துட்டார்."

வந்துவிட்டார். வலது கையில் வேட்டி, இடது கையில் பெல்ட்டும் சாவியும், நெற்றியில் கலைந்த சந்தனம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் தேங்கி நின்ற கூட்டத்தையும் பார்த்தார்.

"ஏன் நடுவுல நிக்கறே? வேற இடமே கெடைக்கலையா உனக்கு?"

"மாடி நம்மளதுதான்" என்றேன். "பெங்களூர் இல்ல. எங்கயும் போக வேண்டாம்."

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கப் போனார். நல்ல வேளை, நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வேட்டியை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.